பாங்கு நேரத்தில் நின்ற பாட்டு

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன 'ர' எங்கே, பெரிய 'ற' எங்கே என்பது இன்றும் எனக்குக் குழப்பம். மகளிடம் கொடுத்துத் திருத்தலாம் என்றால் அவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. "மலையாளத்திலே எழுதித் தாங்கப்பா, நான் நோக்கித் தாரேன்" என்கிறாள். எனக்கு அது எழுத வராது. ஆகவே உள்ளது உள்ளபடி உங்கள் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். தப்பு இருந்தால் நீங்களே சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் என்று நினைவு. அப்போது மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம், ஒரு மிளகுக் கிடங்கின் மரப்படிக்குக் கீழே எனக்கு இஸ்திரிக் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு பெட்டி, சிரட்டைக் கரி போட்டு வைக்க ஒரு தகர டின், அவ்வளவுதான். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். சின்ன வயதில் மாமாவோடு கொச்சிக்கு வந்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. துணியை வாங்கும்போது "நாளைக்கு" என்பேன், கொடுக்கும்போது "பாருங்க" என்பேன். அதற்கு மேல் பேச வேண்டியதை எல்லாம் என் மனைவி பேசிக்கொள்வாள்.

கிடங்கின் முதலாளி ஒரு ஹாஜியார். மாடியில் இருந்த பெரிய அறை காலியாகக் கிடந்தது. அவருடைய கூட்டாளியின் மகன் கிடார் வாசிப்பவன். அவனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். அந்த அறையைப் பயிற்சிக்குக் கேட்டார்கள். ஹாஜியார் கொடுத்தார். கிடங்கு அடைத்துச் சுமைக்காரர்கள் போன பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், பின்னால் உள்ள பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு அன்றைக்கு எதையும் தொடக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. பாங்கு முடிந்ததும் அவர் தொழுகைக்குப் போவார், வந்து கிடங்கைப் பூட்டுவார்.

அந்த நாலு பேரில் ஒருவர் ஆர்கன் வாசிப்பவர், ஒருவர் கிடார், ஒருவர் டிரம்ஸ். பாடுகிறவர் பெரிய கம்பி வைத்த இன்னொரு கிடாரும் வாசிப்பார். அவர்கள் மேடைக்குப் போடும் சட்டைகளை நான்தான் தேய்த்தேன். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சட்டையைப் பார்த்து யார் எது வாசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிடார்க்காரர் சட்டை இடது தோளில் பட்டை உரசி நைந்திருக்கும். டிரம்ஸ்காரர் சட்டையில் முதுகு முழுக்க உப்புப் பூத்திருக்கும். ஆர்கன்காரர் சட்டையில் கைமுனை இரண்டும் கறுத்துப்போயிருக்கும், எத்தனை வெளுத்தாலும் போகாது.

ஆரம்பத்தில் ஹாஜியாருக்குச் சங்கடம்தான். ஒருநாள் என் மேசைப் பக்கம் வந்து நின்று மாடியைக் காட்டினார்.

"அண்ணாச்சி, மேலே உள்ள பிள்ளைங்க பாடுதா, சண்டை போடுதா?"

"பாட்டுதான் முதலாளி."

"எனக்கு அப்படித் தோணலே. என் சுமைக்காரனுங்க மூட்டை இறக்கினா இதைவிட தாளமா இருக்கும்."

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கல்யாண வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் வாசிக்க அவர்கள் சின்னச் சின்ன ஆட்டப் பாட்டுகள் வைத்திருந்தார்கள். சோறு போட்டது அவைதான். அவற்றை முதலில் வாசித்துப் பழகிவிடுவார்கள். ஆனால் கடைசியில் ஒன்று எடுப்பார்கள். அது அவர்கள் சொந்தமாகக் கட்டியது. ஒரு பாட்டு என்றே சொல்ல முடியாது, அவ்வளவு நீளம். நான் அதை ஆரம்பத்தில் கேட்டு ஒரு சட்டையை எடுத்தால், அடுத்த சட்டை, ஒரு பேன்ட், ஒரு முண்டு எல்லாம் ஆன பிறகும் போய்க்கொண்டே இருக்கும். வார்த்தை கொஞ்சம்தான், அதுவும் இங்கிலீஷ். கடலைப் பற்றியது என்று பிறகு தெரிந்தது. மீதியெல்லாம் வாத்தியம். ஒரு இடத்தில் மெதுவாக இருக்கும், சட்டென்று வேறு தாளத்துக்குத் தாவும். காலால் தட்டிக்கொண்டு போனால் ஒரு தட்டு குறைந்து கால் அந்தரத்தில் நிற்கும். இந்த மாதிரி வாசிப்புக்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர் என்றும், வில்லிங்டன் தீவில் கப்பல்காரர்கள் கொண்டுவரும் இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் இந்த ஆசை வந்தது என்றும் டிரம்ஸ்காரர் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் வந்து எனக்குச் சொன்னாள்.

எனக்கு எப்போது அந்தப் பாட்டின் மேல் பிரியம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு வந்ததுதான். சின்னப் பாட்டுகள் முடிந்து அது எப்போது தொடங்கும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். குறிப்பாக அதில் ஓர் இடம். நாலு வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து மேலே ஏறும். மூட்டை சுமந்தவன் சாய்த்து வைத்த பலகையில் ஒவ்வோர் அடியாக வைத்து ஏறுவானே, அதுபோல. உச்சியில் போய் நிற்கும்போது இனி ஓர் அடிதான், அதை வைத்துவிட்டால் என்னவோ தெரிந்துவிடும் என்று இருக்கும்.

அங்கே பாங்கு சொல்லிவிடுவார்கள்.

தினமும் இப்படித்தான். பாங்கு நேரம் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறும். வெயில் காலத்தில் நேரம் கூடுதலாகக் கிடைத்தால் கிடார்க்காரர் தன் முறையை இழுத்துக்கொண்டே போவார். ஐப்பசி, கார்த்திகையில் சுருக்கிக்கொள்வார். எப்படிப் பார்த்தாலும் அந்த ஏற்றம் வரும்போது பாங்கு வந்துவிடும். பாட்டை நடுவிலிருந்து எடுத்துக் கடைசிப் பாகத்தைப் பழகலாமே என்று பாடுகிறவர் சொல்வது எனக்குக் கேட்டிருக்கிறது. ஆர்கன்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தப் பாட்டைக் கட்டியவர் அவர்தான். "ஏறாம எப்படிடா மேலே நிக்கறது? முதல்ல இருந்து வந்தாத்தான் அது ஒட்டும்" என்பார். சின்னப் பாட்டுகளைத் தள்ளிவைக்கவும் முடியாது, ஹோட்டல்காரர் விடமாட்டார்.

ஒருநாள் டிரம்ஸ்காரரின் சட்டையைக் கொடுக்க மாடிக்குப் போனேன். படியின் உச்சியில் நின்றபோது அந்த ஏற்றம் நடந்துகொண்டிருந்தது. பாங்கின் முதல் சத்தம் கேட்டதும் நாலு பேருடைய கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. போலீஸ் துப்பாக்கியைக் காட்டினால் தூக்குவதுபோல. குச்சி மேலே, விரல் மேலே. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்படியே அசையாமல் நின்றார்கள். பிறகு ஒருவர் போய் ஒலிபெருக்கியை அணைத்தார்.

என்னைப் பார்த்ததும் டிரம்ஸ்காரர் சிரித்தார்.

"வாங்க அண்ணாச்சி. நாங்க வாசிக்கும்போ நீங்க கீழே தாளத்துக்குத்தான் பெட்டி தேய்க்கறீங்கன்னு உங்க வீட்டுச் சேச்சி சொன்னாங்களே, உள்ளதா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "பாருங்க" என்று சட்டையை நீட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். 'இதற்கு அப்புறம் என்ன வரும்?' என்று கேட்டிருக்கலாம். நாலு வார்த்தைதான். வரவில்லை.

வீட்டில் மனைவி கேலி செய்வாள். "இன்னைக்காவது உங்க பாட்டு முடிஞ்சுதா?" என்பாள். "இல்லை" என்பேன். "அது முடியாது. ரப்பர் மாதிரி இழுத்துக்கிட்டே இருப்பாங்க, நீங்களும் கேட்டுக்கிட்டே ஒருநாள் யாரு சட்டையையாவது கருக்கப் போறீங்க" என்பாள்.

இப்படி வருஷங்கள் போயின. எழுபத்தேழிலோ எட்டிலோ அவர்களுக்கு எர்ணாகுளத்தில் ஒரு பெரிய நிகழ்ச்சி கிடைத்தது. ஹோட்டல் மாதிரி இல்லை. ஒரு பெரிய ஹாலில், டிக்கெட் வைத்து, பகல் மூன்று மணிக்கு. கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். அங்கே அந்த நீளப் பாட்டை முழுவதும் வாசிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கடைசிப் பாகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ்காரர் வீட்டில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துப் பார்த்துக்கொண்டார்களாம். எனக்கு அந்த வாரம் முழுக்க அதே நினைப்புதான்.

ஆர்கன்காரர் என் மேசைக்கு வந்தார். மற்ற மூன்று பேரைப்போல இல்லை, அவரும் என்னைப்போல அதிகம் பேசாதவர்தான்.

"அண்ணாச்சி, உடுப்பெல்லாம் இங்கேயே போட்டுட்டுப் போனா படகிலே கசங்கும். நீங்க எடுத்துட்டு அங்கே வருமோ? அப்படியே பாட்டும் கேட்கலாம்."

"வாரேன் சார்" என்றேன். வந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கு மேசைக்கு லீவு விட்டேன். நாலு பேருடைய பெரிய பெரிய காலர் உள்ள அந்தக் காலத்துச் சட்டைகள், கீழே அகலமான பேன்ட்டுகள், எல்லாவற்றையும் கம்பியில் தொங்கவிட்டு, மேலே ஒரு வேட்டியைச் சுற்றி, மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறினேன். உப்புக்காற்று படாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றே போனேன். பக்கத்தில் நின்ற மீன்காரச் சேச்சி, "கல்யாணமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

ஹாலில் மேடையின் ஓரத்தில் எனக்கு ஒரு மர நாற்காலி போட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது, அதனால் அவர்கள் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னப் பாட்டுகள் முடிந்தன. அது தொடங்கியது. கிடங்கில் சுவரும் படியும் தடுத்து வந்த சத்தத்தையே இத்தனை நாள் கேட்டிருந்தேன். இங்கே தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. நாற்காலியின் காலில்கூட அதிர்வு தெரிந்தது. நான் முதல் தடவை கேட்பதுபோல இருந்தது, ஆனால் அடுத்து வருவது ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். கூட்டத்தில் சத்தமே இல்லை.

ஏற்றம் வந்தது. ஒவ்வோர் அடியாக ஏறினார்கள். இங்கே பள்ளிவாசல் இல்லை, பாங்கு கேட்காது, இன்றைக்கு அந்தக் கடைசி அடியை வைத்துவிடுவார்கள் என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். உச்சிக்குப் போனார்கள்.

நாலு பேர் கைகளும் மேலே போயின.

ஆமாம், அங்கேயும் நின்றுவிட்டது. வருஷக்கணக்காக அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பழகிய கைகள். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிய மாதிரியே நின்றார். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. ஆர்கன்காரர் தூக்கிய தன் கைகளைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி எங்கே பிடித்து எப்படி உள்ளே வருவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும்.

அப்புறம் கூட்டம் எழுந்தது. மொத்த ஹாலும் எழுந்து நின்று கை தட்டியது. அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்படி நிறுத்துவதுதான் பாட்டின் முடிவு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

உள்ளே போய் உடை மாற்றும்போது நான் சட்டைகளை வாங்கி மடித்துக்கொண்டிருந்தேன். கிடார்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"கேட்டியா கைதட்டலை? இத்தனை வருஷத்திலே நமக்கு இப்படி ஒண்ணு கிட்டியிருக்கோ?"

"பாட்டு தீரலையே" என்றார் ஆர்கன்காரர்.

"நான் மனசறிஞ்சு நிறுத்தலைடா" என்றார் டிரம்ஸ்காரர். "கை தானா மேலே பொங்கிப் போச்சு. பாங்கு காதிலே கேட்டது போலவே இருந்தது."

பாடுகிறவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நல்லதாப் போச்சு. இனி அதுதான் முடிவு. விடு."

"அது ஹாஜியாரோட முடிவுடா. என்னோடது இல்லை" என்றார் ஆர்கன்காரர்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆர்கன்காரரும் சிரித்தார். ஆனால் கறுத்த கைமுனைச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஒரே படகில் வந்தோம். மற்ற மூன்று பேரும் முன்பக்கம் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆர்கன்காரர் பின்பக்கம் என் அருகில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. 'அந்த மிச்சத்தை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுவீர்களா?' என்று கேட்க வேண்டும். படகு கிளம்பியதிலிருந்து அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதலில் 'சார்' என்று ஆரம்பிப்பதா, நடுவில் சேர்ப்பதா என்று யோசித்தேன். ஜெட்டி வந்துவிட்டது. அவர் எழுந்து, "வரட்டா அண்ணாச்சி" என்று போய்விட்டார். மறுநாளே அவர் மாடியில் ஆர்கனோடு இருந்தார். அன்றைக்குக் கேட்டிருந்தால்கூட வாசித்திருப்பார்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட ஹாஜியாருக்கு ஒரே சிரிப்பு. "அப்ப எர்ணாகுளத்துக்காரன் கை தட்டினது பாங்கு சொல்ற நம்ம மோதினாருக்குத்தான். அவரை விளிச்சு ஒரு மாலை போடணும்" என்றார். அதற்குப் பிறகு பயிற்சி நாளில் மாடிக்குச் சாயா வாங்கி அனுப்பவும் ஆரம்பித்தார்.

அந்த நிகழ்ச்சியிலிருந்து அவர்களுக்கு ஏறுமுகம்தான். திருவனந்தபுரம் போனார்கள், பெங்களூர் போனார்கள், மெட்ராஸ் போனார்கள். அந்தப் பாட்டைத்தான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். எல்லா இடத்திலும் அதே உச்சியில் நிறுத்திக் கையைத் தூக்கினார்கள். குழு எர்ணாகுளத்துக்கு மாறியது, வாத்தியங்களையும் அங்கே கொண்டு போய்விட்டார்கள். மாடி மறுபடி காலியானது. சட்டைகள் மட்டும் என்னிடம் வந்தன. டிரம்ஸ்காரர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார், அவர் இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். உப்புப் பூக்காத சட்டை வந்தபோதே ஆள் மாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பாடுகிறவரும் மாறினார். ஆள் மாறினாலும் குழுவின் பெயர் மாறவில்லை.

அவர்களைப் பார்த்து ஊரில் பல பேர் ஆரம்பித்தார்கள். தோப்பும்படியில் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைப் பையன்கள் ஒரு குழு. ஃபோர்ட் கொச்சியில் பாதிரியார் கண்ணில் படாமல் ஒரு குழு. களமசேரிக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் ஒரு குழு. எல்லோரும் முடி வளர்த்தார்கள், எல்லோரும் நீளப் பாட்டுக் கட்டினார்கள், எல்லோரும் நடுவில் நிறுத்திக் கையைத் தூக்கினார்கள். ஒருநாள் களமசேரியில் படிக்கிற ஒரு பையன் பேன்ட்டுக்குக் காத்து நின்றபோது என் மனைவியிடம் அதை விளக்கினான்.

"அது வெறுமே நிறுத்தறது இல்லை சேச்சி. மனுஷன் ஜீவிதம் அப்படித்தானே, பாதியிலே நிக்கும். அதைத்தான் அவங்க காட்டறாங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியில் கரியை ஊதினேன். அவன் சொன்னதும் தப்பு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

எண்பத்தொன்றில் மழை தொடங்கிய சமயம். ஒரு மதியம் ஆர்கன்காரர் குடையை மடக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவருடைய அண்ணன் வெளிநாட்டில் குடியேறியிருந்தார். அம்மாவையும் இவரையும் அங்கேயே அழைத்துக்கொள்கிறார் என்றார். ஆர்கனைக் குழுவுக்கே கொடுத்துவிட்டாராம். அது எர்ணாகுளத்தில் இருந்தது. கடைசியாகத் தேய்க்கக் கொடுத்த சட்டைகளை வாங்கிக்கொள்ள வந்திருந்தார். அந்த வாரமே புறப்பாடு.

சட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கட்டினேன். கட்டிவிட்டால் அவர் போய்விடுவார். முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவர் கையை நீட்டினார்.

"சார்" என்றேன். எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது. "அந்தப் பெரிய பாட்டு. மேலே ஏறி நிக்குமே. அதுக்கு அப்புறம் என்ன சார்?"

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது.

"அண்ணாச்சிக்கு அதுக்கு அப்புறம் ஒண்ணு உண்டுன்னு அறியுமோ?"

"நீங்க அன்னைக்கு உள்ளே சொன்னீங்களே சார். தீரலைன்னு."

அவர் குடையைப் படியில் சாய்த்துவிட்டு, "பெட்டியைக் கொஞ்சம் மாத்துங்க" என்றார்.

இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தேன். மேசையின் மேல் விரித்திருந்த துணியின் சுருக்கத்தை அவரே இரண்டு கையாலும் நீவிவிட்டார். அப்புறம் மேசைக்கு முன்னால் நின்று விரல்களை அந்தத் துணியின் மேல் வைத்தார். சத்தம் இல்லாமல் வாசிக்க ஆரம்பித்தார்.

ஏற்றத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து எடுத்தார். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் விரல் எங்கே போகிறதோ அதற்கான சத்தம் என் காதுக்குள் இருந்தது. டிரம்ஸ்கூட இருந்தது. ஏறி, ஏறி, உச்சிக்கு வந்தார். அவர் கை ஒரு கணம் தூக்கப் பார்த்தது, எனக்குத் தெரிந்தது. தூக்கவில்லை. அதற்கு மேலே வாசித்தார்.

இத்தனை வருஷமும் நான் இன்னும் ஓர் அடி மேலே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை. விரல்கள் இறங்கின. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு இறங்கி வந்தன. நடுவில் ஓர் இடத்தில் நின்று, இரண்டு விரல்கள் ஒன்றை ஒன்று கேட்பதுபோல மாறி மாறித் தொட்டன. மறுபடி இறங்கின. ஏறியதைவிட இறங்கியது அதிக நேரம். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் காதுக்குள் மழையைத் தவிர ஒன்றும் இல்லை. கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் துணியின் மேல் விரித்து வைத்தார். பெட்டி இருந்த சூடு அங்கே இன்னும் இருந்திருக்கும். கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

"இவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார்.

"சத்தம் எப்படி இருக்கும் சார்?"

கேட்ட பிறகு அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வாயால் பாடிக் காட்ட ஆரம்பித்தார். ஒரு சத்தம் வந்தது, சுதி தப்பியது. தலையை ஆட்டினார்.

"எனக்குப் பாட வராது. வந்திருந்தா ஆர்கன் எதுக்கு? ஒரு தரம் ஊருக்கு வரும்போ வாசிச்சுக் கேட்பிக்கறேன். இங்கேதானே இருப்பீங்க?"

"நான் எங்கே சார் போகப்போறேன்."

சட்டைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்து, குடையை விரித்துக்கொண்டு போனார். மூலையில் திரும்பும்போது கை தூக்கினார். நானும் தூக்கினேன். பக்கத்துச் சாயாக்கடைக்குப் போய் அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி வந்தாள். அவளுக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

"முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இறங்கி வருது" என்றேன்.

அதன் பிறகு அவர் வரவில்லை. நல்லபடி இருக்கிறார், கல்யாணம் ஆகிவிட்டது என்று கிடார்க்காரர் ஒரு தடவை சொன்னார். ஆர்கனை வேறு ஒரு பையன் வாசிக்கிறான். நல்ல கை. ஹாஜியார் காலமாகிவிட்டார். குழு இன்னும் இருக்கிறது, பழைய ஆள் கிடார்க்காரர் ஒருவர்தான்.

இந்த ஓணத்துக்கு ஃபோர்ட் கொச்சி மைதானத்தில் அவர்கள் வாசித்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பொழுது சாயும் நேரம். கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. ஏறினார்கள், நின்றார்கள், கை தூக்கினார்கள். தாடி வைத்த பெரிய ஆட்கள், சின்னப் பிள்ளைகள் எல்லோரும் அந்த இடத்தை முன்பே எதிர்பார்த்து, அவர்களோடு சேர்ந்து கை தூக்கினார்கள். பிறகு கைதட்டல். மகளும் தட்டினாள்.

"தீர்ந்துச்சுப்பா, வாங்க போலாம்" என்றாள்.

நான் நகரவில்லை. என் விரல்கள் வேட்டியின் மேல் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் அதைக் கவனித்து, "என்ன கணக்குப் போடறீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லைம்மா" என்றேன். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

படகில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த அந்த மாலையில் வாயைத் திறந்திருந்தால் நான் அதைக் காதால் கேட்டிருப்பேன்; இப்போது அந்த இறக்கம் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அது ஒவ்வொரு விதமாக எனக்குள் கேட்கிறது, அதில் எதுவும் அவருடையது இல்லை என்று தெரிந்தும், அவர் வந்து வாசிக்கும் வரை கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மட்டாஞ்சேரி,
17-9-1989, ஞாயிற்றுக்கிழமை